கூர்மையும் கறளும்: கீழைக் கரையில் கத்தியுருக்கின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்த மணற்கரை நிலாவெளி. மீன்பிடித்தலும் தென்னையும் பனையும் உப்பு விளைவும் அப்பகுதி மக்களின் வாழ்வோடு இணைந்தவை. இத்தொழில்களுள் ஒன்றேனும் கத்தியின்றி நடைபெறுவதில்லை. வலையின் கயிற்றை அறுக்கவும், மீனைப் பிளக்கவும், பாளையைச் சீவவும், பாக்கை வெட்டவும், நார் கிழிக்கவும் இடுப்பிலோ மடியிலோ சட்டைப்பையிலோ ஒரு சிறு கத்தி இருந்தே தீரவேண்டும். அச்சிறு கத்திக்கு அக்கரையில் வாய்த்த பகை கடற்காற்று. வாடைக்காற்று உப்பையும் ஈரத்தையும் ஒருங்கே சுமந்து வரும் மாதங்களில், துடைக்காது வைத்த கத்தியின் அலகில் ஓர் இரவுக்குள் செம்மை படர்ந்துவிடும். தமிழகத்தார் துரு என வழங்கும் இதனை ஈழத்தார் கறள் என்பர்.

பழந்தமிழரும் பண்டை ஈழத்தவரும் ஆக்கிய உருக்குக் கறள் ஏறாதது என்னும் கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. மேடைகளில் அது பெருமையோடு கூறப்படுகின்றது. அதற்குச் சான்றாக டில்லி இரும்புத் தூண் காட்டப்படுகின்றது. தமஸ்கு வாள்களின் புகழும் உடன்வைத்துப் பேசப்படுகின்றது. நம் முன்னோரின் உலோகத் தொழில் உலகப் புகழ் பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்புகழ் எதன் பொருட்டு வந்தது? கூர்மையின் பொருட்டா, கறள் ஏறாமையின் பொருட்டா? இவ்விரண்டும் ஒரே உருக்கில் ஒருங்கே அமையக்கூடியனவா? மடியிற் செருகும் சிறு கத்தியை அளவுகோலாகக் கொண்டு இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எஃகும் உருக்கும்

முதற்கண் சொற்களை நோக்குதல் தகும். இவ்வுலோகத்துக்குத் தமிழில் எஃகு, உருக்கு என இரு பெயர்கள் உள. சங்கச் செய்யுள்களில் எஃகு என்பது பெரும்பாலும் வேலையும் வாளையும் ஒத்த கூரிய படைக்கலத்தைக் குறித்தது. கூர்மை என்னும் பொருளும் அதனோடு ஒட்டியே நின்றது. உருக்கு என்பதோ உருகச் செய்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. முன்னது பயனைச் சுட்டும் பெயர். பின்னது ஆக்கிய முறையைச் சுட்டும் பெயர். கன்னடத்தில் உக்கு என வழங்கும் சொல்லும் இதனோடு உறவுடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் வூட்ஸ் என எழுதியது இச்சொல்லின் திரிபே என்பது பலரும் ஏற்ற கருத்தாகும்.

இவ்விரு பெயர்களுள் ஒன்றேனும் கறள் ஏறாமையைச் சுட்டவில்லை என்பது கருதத்தக்கது. பண்டைத் தமிழன் தன் உலோகத்தைக் கூரியது என்றான், உருக்கப்பட்டது என்றான், கறையற்றது என்று கூறினானில்லை. கறையில் உருக்கு என்னும் தொடர் இருபதாம் நூற்றாண்டில் ஈழத்துப் பாடநூல்களுக்காக ஆக்கப்பட்ட கலைச்சொல். மொழி தரும் இச்சான்று சிறிதாயினும், பின்வரும் சான்றுகள் அனைத்தும் அதனையே வலியுறுத்துகின்றன.

மடியிலிருந்த கத்தி

நாள்தோறும் உடன்கொண்டு செல்லும் மடக்குக் கத்தி மேனாட்டாரிடமிருந்து வந்ததென்றே பலரும் எண்ணுவர். வில்லுக்கத்தி, பேனாக்கத்தி என்னும் பெயர்களும் அவ்வெண்ணத்துக்கு இடந்தருகின்றன. எனினும், ஓலையில் எழுதிய தமிழரிடையே மடக்கெழுத்தாணி என்னும் கருவி வழங்கிற்று. ஒருபுறம் எழுதும் கூர்முனையும் மறுபுறம் ஓலையை நறுக்கும் கத்தியும் அமைய, இரண்டையும் கைப்பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும் வகையினது அது. கனத்த தலையுடைய குண்டெழுத்தாணி, ஓலை வாருதற்குரிய அலகுடைய வாரெழுத்தாணி என்பன அதன் உடன்பிறப்புகள். கற்றவனின் மடியில் ஏட்டோடு இவற்றுள் ஒன்று இருந்தது. எனவே, மடித்துச் செருகும் கத்தியைத் தமிழர் பயன்படுத்தினர் என்பதில் ஐயுறவு வேண்டியதில்லை.

இக்கருவி உருக்கின் இரு தேவைகளையும் ஒருங்கே காட்டுவது. ஓலையின் மேற்றோலைக் கிழியாது கீறுதற்கு முனை கூரியதாகவும் வன்மையானதாகவும் இருத்தல் வேண்டும். வன்மை குறையின் முனை மழுங்கும். அம்முனையில் கறள் ஏறினாலோ ஓலையில் எழுத்துச் சொரசொரப்புற்றுப் பிசகும். ஆகவே எழுத்தாணியைத் துடைத்தும் எண்ணெய் தடவியும் பேணவேண்டியிருந்தது. ஓலையிற் கீறிய எழுத்துத் தெளிந்து தோன்ற மையும் எண்ணெயும் பூசும் வழக்கமும் உடனிருந்தது. எழுத்தாணியின் கூர்மை உலோகம் தந்தது. அதன் தூய்மை கை தந்தது. இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

காற்றும் மூசையும்

இரும்பை உருக்காக்குவது காபன். தூய இரும்பு மென்மையானது. அதனோடு நூற்றுக்கு ஒரு பங்கு அளவான காபன் சேர்ந்து, செஞ்சூட்டில் நீரில் தோய்க்கப்படின், அது வன்மை பெற்றுக் கூர்மையை நெடுநேரம் தாங்கும். இக்காபனை இரும்பினுள் ஒரு சீராகப் புகுத்துவதே பண்டைக் கொல்லரின் பெரும் இடர். தென்னிந்தியாவும் ஈழமும் அவ்விடரை இரு வழிகளில் வென்றன.

முதல்வழி மூசை வழி. சிறு இரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, ஆவாரை விறகுத் துண்டுகளையும் எருக்கு முதலியவற்றின் இலைகளையும் சேர்த்து, வாயை மண்ணால் மூடி, துருத்தியால் ஊதிய உலையில் பலமணி நேரம் வைப்பர். தழையும் விறகும் கரியாகி இரும்போடு கலக்க, இரும்பு உருகிக் கட்டியாகும். சேலம் பகுதியில் நிகழ்ந்த இம்முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயணிகளும் தொழிலறிஞரும் நேரிற் கண்டு எழுதிவைத்தனர். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் என அடையாளங் காணப்பட்ட கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழ்வுகள் இரும்பு, உருக்குத் தொழிலின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தன. ஈழத்திலும் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள மாவல்கஹ முதலிய சிற்றூர்களில் மூசையுருக்குச் செய்த மரபு இருந்தது. கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இத்தொழிலைப் பதிவுசெய்தார். அப்பொழுதே அது அழிவின் விளிம்பில் நின்றது.

இரண்டாவது வழி ஈழத்துக்கே சிறப்பானது. சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக ஒரு பள்ளத்தாக்கு நீரில் மூழ்கவிருந்த வேளையில், அப்பகுதியில் தொல்பொருள் அளவை மேற்கொள்ளப்பட்டது. ஆய்வாளர் ஜில் ஜூலெப் அங்கே மேற்கு நோக்கிய மலைவிளிம்புகளில் அமைந்த 77 உலைக்களங்களை இனங்கண்டார். அவற்றின் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையினது. இவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. உலையின் முன்சுவரை மேவிக் காற்று விரையுங்கால் சுவரின் உட்புறத்தே அமுக்கம் குறைகின்றது. அக்குறைவு கீழுள்ள குழாய்களூடாகக் காற்றை உள்ளே இழுக்கின்றது. 1994இல் அவ்வுலைகளின் மாதிரியைக் கட்டி இயக்கியபோது காபன் மிகுந்த உருக்கு நேரடியாகவே பெறப்பட்டது. இம்முடிவுகள் 1996இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தன. மலைநாட்டின் மறுபுறத்தே வீசி உலையை மூட்டிய அதே தென்மேற்குக் காற்று, மலையைக் கடந்து ஈரம் இழந்து, திருகோணமலைக் கரையில் வெப்பமிகு கச்சான் காற்றாக வீசுகின்றது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்கிந்தி, சரந்தீபின் உருக்கையும் தனிவகையாகக் குறித்துள்ளார். காற்றுலைகள் இயங்கிய காலமும் அவர் எழுதிய காலமும் ஒத்திருத்தல் காண்க. உருக்கு ஈழத்திலிருந்து கடல் கடந்து சென்றது. கோகர்ணம் எனப் பண்டு பெயர்பெற்ற திருகோணமலை உள்ளிட்ட துறைகள் அவ்வாணிப உலகின் வாயில்களாக இருந்தன. தமிழகத்தில் பிரான்மலையிலுள்ள வணிகக் கணத்தாரின் கல்வெட்டு, மகமை விதிக்கப்பட்ட பண்டங்களுள் உப்பு, மிளகு, பாக்கு ஆகியவற்றோடு இரும்பையும் எண்ணுகின்றது.

டில்லித் தூணும் தமஸ்கு வாளும்

இனி, கறள் ஏறாமைக்குக் காட்டப்படும் சான்றுகளை எடுத்துக்கொள்வோம். டில்லித் தூண் குப்தர் காலத்தது. ஏறத்தாழ 7 மீற்றர் உயரமும் 6 தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. பதினாறு நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் கெடாது நிற்பது. அதன் சிறப்பு மறுக்க முடியாதது. ஆயின் அது உருக்கன்று. 1912இல் செபீல்டின் உலோகவியலறிஞர் ரொபேட் ஹாட்பீல்ட் செய்த பகுப்பில் அதன் காபன் 0.08 சதவீதமே, பொசுபரசோ 0.114 சதவீதம். கரியைக் கொண்டு, சுண்ணாம்பு சேர்க்காது இரும்பு உருக்கிய பண்டை முறையில் பொசுபரசு இரும்பிலேயே தங்கிவிடும். அப்பொசுபரசு இரும்பின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகத் துணைசெய்ததைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக விளக்கினார். படலம் வளர, மாறி மாறி நனைந்து உலரும் காலநிலையும், கடலுக்கு மிகத் தொலைவில் உள்ள உப்பற்ற காற்றும் உதவின.

எனவே அத்தூணைக் கத்தியாக்க முடியாது. காபன் அற்ற அவ்விரும்பு நீரில் தோய்த்தாலும் வன்மை பெறாது. பொசுபரசு மிகினோ குளிர்ந்த நிலையில் நொறுங்கும் தன்மையும் கூடும். அத்தூண் கறளை எதிர்த்தது, கூர்மையை வேண்டாத பொருளாதலால். மூசையுருக்கோ கூர்மையைத் தந்தது, கறளை எதிர்க்காத பொருளாதலால். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுதல் இரண்டின் பெருமையையும் குறைப்பதாகும்.

தமஸ்கு வாளின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். அவ்வாள்களின் அலகில் ஓடும் நீரலை போன்ற கோலம், காபன் மிகுந்த வன்மையான துகள்களும் மென்மையான இரும்பும் மாறி மாறிப் படிந்ததால் விளைவது. ஆயின் அக்கோலம் தானே தோன்றுவதன்று. மெருகிட்ட அலகை அமிலத் தன்மையுள்ள கரைசலாற் கழுவும்போது ஒருபகுதி அரிக்கப்பட்டுக் கறுக்க, மறுபகுதி வெண்மையாக எஞ்சுகின்றது. கண்ணைக் கவரும் அவ்வழகே அளவறிந்து செய்த அரிப்பின் விளைவு. அரிக்கப்படாத உருக்காயின் கோலமும் இல்லை.

உப்பும் எண்ணெயும்

கறள் ஏறுதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை அறிந்தாலன்றிக் கரையோர மக்களின் பழக்கங்களை மதிப்பிடல் இயலாது. இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்தால், ஓரிடத்தில் இரும்பு கரைகின்றது. மற்றோரிடத்தில் காற்றின் ஒட்சிசன் அதனோடு இணையத் தொடங்குகின்றது. உப்பு இச்செயலை விரைவுபடுத்தும். நீரில் கரைந்த உப்பு மின்னைக் கடத்துகின்றது. அதன் குளோரைட்டு எந்தக் காப்புப் படலத்தையும் துளைக்கவல்லது. மேலும், காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத்துகள் தானே ஈரத்தை உறிஞ்சிக் கசியும். ஆகவே மழை பெய்யாத நாளிலும் நிலாவெளியின் கத்தி நனைந்தே இருக்கின்றது. கறளோ பொருக்குப் பொருக்காக உதிர்வது. தன் கீழுள்ள இரும்பைக் காவாது மேலும் ஈரத்தைத் தேக்கிவைப்பது.

மடக்குக் கத்திக்கு இத்துன்பம் இருமடங்கு. அது உடலோடு ஒட்டியிருப்பதால் வியர்வையின் உப்பும் அதனைச் சேரும். மடங்கும் மூட்டிலும் வில்லின் அடியிலும் புகுந்த உப்புநீரைத் துணி எட்டாது. அலகு பளபளக்க மூட்டு இறுகிப்போன கத்திகளைக் கரையோர வீடுகள் நன்கறியும்.

மக்கள் கையாண்ட முறைகள் எளியவை; ஆயின் காரணமுடையவை. கடலிலிருந்து மீண்டதும் கத்தியை நன்னீரிற் கழுவினர்: உப்பு நீங்கிற்று. துணியால் துடைத்து வெயிலில் வைத்தனர்: ஈரம் நீங்கிற்று. தேங்காயெண்ணெய் தடவினர்: காற்றும் நீரும் இரும்பை அணுகாது தடுக்கப்பட்டன. அடுப்புச் சாம்பலாலும் செங்கற்பொடியாலும் தேய்த்துத் தொடக்கநிலைக் கறளை அகற்றினர். மாங்காயும் வாழைக்காயும் பாக்கும் வெட்டிய கத்தியின் அலகு கறுத்துப்போவதை யாவரும் கண்டிருப்பர். அது அக்காய்களிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடி உண்டாகும் கருமை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து எழுத்து மையாவதும் இவ்வாறே. அக்கருமை செங்கறளைப்போல உதிராது. ஓரளவு காப்பாகவும் நிற்கும். ஆகவே அனுபவமுடையோர் கறுத்த கத்தியைப் பழுதென்று கருதுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் தீட்டுதல் ஒரு காப்பாயிற்று. பனையேறுவோர் தம் பாளைக்கத்தியைப் பலகையில் வெண்கற்பொடி தூவி நாள்தோறும் தீட்டுவர். தீட்டுந்தோறும் கறளின் முதற்படலம் அலகினின்றும் நீங்கிவிடுகின்றது. பயன்படாது கிடக்கும் இரும்பிலே துரு ஏறும் என்னும் பொதுவழக்கு வெறும் நீதியுரையன்று; உலோகத்தின் இயல்பை உற்றுநோக்கிக் கூறிய உண்மையுமாகும்.

கம்மாலையின் சிக்கனமும் இங்கு நினைக்கத்தக்கது. உருக்கு விலைமிக்கது, ஆதலின் கத்தியின் உடலை மெல்லிரும்பாலும் வாயை மட்டும் உருக்காலும் செய்து பொருத்துவது கொல்லரின் வழக்கு. தேய்ந்த வாய்க்குப் புதிய உருக்கு வைத்துத் தோய்ச்சல் கொடுத்தால் கத்தி மீண்டும் பிறக்கும். கறளால் தேய்வது இயல்பு என ஏற்றுக்கொண்டு, தேய்ந்ததைப் புதுப்பிக்கும் தொழிலை ஊர்தோறும் வைத்திருந்த சமுதாயம் அது.

பேனாக்கத்தியிலிருந்து கறையில் உருக்கு வரை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வூட்ஸ் கட்டிகள் இலண்டனை அடைந்தன. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் அரச கழகத்தில் அவற்றைப் பற்றிய ஆய்வுரையை அளித்தார். கத்தி, அறுவைக்கருவி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அவ்வுருக்கிலிருந்து பேனாக்கத்தி செய்து அதன் கூர்மையை வியந்தார். தம் தொழிலுக்கு ஐரோப்பிய உருக்கினும் அதுவே ஏற்றதெனக் கொண்டார். ஓலையை நறுக்கிய மடக்கெழுத்தாணியின் உருக்கு, இறகுப் பேனாவைச் சீவும் கத்தியாக மேலைநாட்டில் மறுபிறவி எடுத்தது எனலாம்.

ஸ்டோடார்ட்டோடு இணைந்தவர் மைக்கல் பரடே. பின்னாளில் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற அவர், 1819இல் வூட்சின் பகுப்பை வெளியிட்டார். அவ்வுருக்கின் இரகசியத்தை அவர் முற்றாகக் கண்டாரல்லர். காபனினும் வேறு மூலகங்களிலேயே அதன் சிறப்பைத் தேடினார். ஆயின் அத்தேடல் ஒரு புதிய வழியைத் திறந்தது. உருக்கோடு வெவ்வேறு உலோகங்களைக் கலந்தால் என்ன நிகழும் என இருவரும் சோதித்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வுலோகங்களுள் குரோமியமும் ஒன்று. இடையில், 1821இல், பிரான்சின் பியர் பேர்த்தியே குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்ப்பதைக் கண்டு, அது கத்தி செய்ய உதவக்கூடும் எனவும் குறித்தார். கலப்புருக்கு ஆய்வின் தோற்றுவாயில் தென்னாட்டு உருக்கு நிற்கின்றது. கறள் ஏறா உருக்கை நம் முன்னோர் செய்திலர். ஆயின் அதனைத் தேடும் ஆய்வுப் பாதையை அவர்தம் உருக்கு தொடங்கிவைத்தது. மிகையான எந்தப் பெருமையினும் இவ்வுண்மை பெரிது.

அப்பாதை முடிவுறத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் பிறர் ஒத்த முயற்சிகளில் ஈடுபட்டிருக்க, செபீல்ட் நகரில் உருக்குத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஹரி பிறியர்லி, துப்பாக்கிக் குழாய்களின் தேய்வைக் குறைக்கும் உருக்கைத் தேடி, 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதக் குரோமியமும் 0.24 சதவீதக் காபனும் கொண்ட வார்ப்பைப் பெற்றார். அமிலம் அதனை எளிதில் அரிக்கவில்லை. துப்பாக்கிக்கெனத் தேடியது கத்திக்கு உதவும் எனக் கண்டவரும் அவரே. எனினும் அந்நகரத்துக் கத்தித் தொழிலாளர் தொடக்கத்தில் அவரை, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என எள்ளினர். அவ்வேளனத்தில் ஓர் உண்மையும் இருந்தது: காபன் குறைந்த அக்கத்தி பழைய உருக்குக் கத்தியின் கூர்மையைத் தாங்கவில்லை.

காபனும் குரோமியமும்

இங்கேதான் பண்டைக் கொல்லன் எதிர்கொண்ட முரண் புதிய வடிவில் மீண்டும் தோன்றுகின்றது. குரோமியம் காப்பது எவ்வாறு? உருக்கில் ஏறத்தாழ 11 சதவீதத்துக்குக் குறையாத குரோமியம் கரைந்திருந்தால், அது காற்றின் ஒட்சிசனோடு கூடிக் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாகும். கீறினாலும் அது தானே மீளவும் உருவாகும். ஆயின் குரோமியத்துக்குக் காபனோடும் பெருவிருப்பு உண்டு. காபன் மிகுந்தால் குரோமியத்தின் ஒருபகுதி அதனோடு கூடிக் கடினமான காபைட்டுத் துகள்களாகிவிடுகின்றது. அத்துகள்கள் கத்திக்குத் தேய்வெதிர்ப்பைத் தருகின்றன. ஆயின் அவற்றுள் அடைபட்ட குரோமியம் காப்புப் படலத்துக்கு உதவுவதில்லை.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு டீ-2 எனப்படும் கருவியுருக்கு. தொழிற்சாலைகளில் உலோகத் தகடுகளை வெட்டும் அச்சுகளுக்கென உருவான அது, பின்னர் சட்டைப்பைக் கத்திகளிலும் இடம்பெற்றது. அதில் 12 சதவீதக் குரோமியமும் 1.5 சதவீதக் காபனும் உள. குரோமியத்தின் அளவை மட்டும் நோக்கின் அது கறையில் உருக்குக்கு நிகராகத் தோன்றும். ஆயின் மிகுந்த காபன் குரோமியத்தைப் பிணித்துக்கொள்வதால், அது கறளை ஓரளவே எதிர்க்கும். கடற்கரையில் பேணாது விடின் புள்ளி புள்ளியாகக் கறள் ஏறும். 440-சீ என்னும் உருக்கில் ஒரு சதவீதக் காபனோடு 17 சதவீதக் குரோமியம் சேர்த்து அக்குறை ஈடுசெய்யப்பட்டது. அதுவும் கடல்நீரில் நெடிது கிடந்தால் குழிபடும். கறையில் உருக்கு என்னும் பெயரைக் கறையே அறியா உருக்கு எனப் பொருள்கொள்ளல் பிழை.

அண்மைக்காலத்தில் வேறொரு வழி கையாளப்படுகின்றது. காபனின் இடத்தில் நைதரசனை வைத்து வன்மையூட்டும் உருக்குகள் தோன்றின. எல்சி-200-என் எனப்படும் உருக்கில் காபன் 0.3 சதவீதம், நைதரசன் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதம் அளவில் உள்ளன. அதன் கறளெதிர்ப்புக் கடற்றொழிலுக்கு ஏற்றது. 2021இல் வெளிவந்த மக்னாகட் என்னும் உருக்கில், அதனை வகுத்த அமெரிக்க உலோகவியலாளர் லரின் தோமஸ், காபனை வனேடியமும் நையோபியமும் பிணித்துக்கொள்ளுமாறு அமைத்தார். அதனால் குரோமியம் பிணைப்புண்ணாது காப்புக்கெனவே எஞ்சுகின்றது. நூற்றாண்டுக்கு முன் எழுந்த ஏளனத்துக்கு இதுவே விடை எனலாம். எனினும் இவ்வுருக்குகள் விலை மிக்கவை, தீட்டுவதற்கும் அரியவை. கரையோரத்துச் சாதாரண மீனவன் கையில் இன்றும் இருப்பது எளிய உருக்குக் கத்தியே.

திருகோணமலை மாவட்டமே இப்பாடத்தை இயற்கையாகவும் கற்பிக்கின்றது. நிலாவெளிக்கு வடக்கே அதே கரையில் உள்ளது புல்மோட்டை. அதன் கருமணலில் இல்மனைற்று என்னும் கனிப்பொருள் செறிந்துள்ளது. அது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தது. தைத்தேனியம் கடல்நீரில் கறள் ஏறாதது. அதனாற் கத்திகளும் செய்யப்பட்டுள்ளன. ஆயின் அவை கூர்மையைத் தாங்குவதில் உருக்குக்கு ஈடாகா. கொட்டியாபுரக்குடாவுக்குத் தெற்கே சேருவிலவிலோ, செம்போடு காந்தவிரும்புக் கனியமும் கலந்த படிவு 1970களின் தொடக்கத்தில் இனங்காணப்பட்டது. ஒரே மாவட்டத்தின் வடகோடியில் கறளை வெல்லும் உலோகமும் தென்கோடியில் கூர்மை தரும் உலோகமும் கிடக்கின்றன. இரண்டையும் ஒருங்கே தருவது எதுவும் நிலத்தில் இல்லை. அதனை மனிதன் முயன்றே பெறவேண்டும்.

எஞ்சியவையும் அழிந்தவையும்

இவ்வாராய்ச்சி வரலாற்று மாணவர்க்கு உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டொன்று, திருக்கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. அவ்வெழுத்துகளைக் கல்லிற் பொறித்தது உருக்கு முனை கொண்ட உளி. கல் எஞ்சியது, உளி எஞ்சவில்லை. மன்னரும் கோயிலும் கொடையும் வரலாற்றில் நிலைபெற, அவற்றை நிலைபெறச் செய்த கருவியும் அதனை அடித்த கொல்லனும் கறளோடு கரைந்துபோயினர். இரும்பு அருகிக் கிடைப்பதைக் கொண்டு இரும்புத்தொழில் அருகி இருந்தது எனக் கரையோரப் பகுதிகளைப் பற்றி முடிவுசெய்தல் பெரும் தவறாகும்.

வறண்ட நிலத்திலும் உறைவிடத்திலும் கிடந்தவை சிலவே தப்பின. ஹாட்பீல்ட் 1912இல் ஆராய்ந்த கொழும்பு அரும்பொருட்சாலைப் பொருள்களுள் சீகிரியாவிற் கிடைத்த பழைய உளியொன்றும் இருந்தது. அதன் முனை காபன் ஊட்டப்பட்டுத் தோய்ச்சல் பெற்றிருந்ததை அவர் கண்டார்; மங்கனீசு இல்லாமையும் பொசுபரசு இருந்தமையும் பண்டைக் கரியுலையின் அடையாளங்களாயின. கடலில் நிகழ்ந்ததோ வேறு. தென்கரையில் கொடவாயவுக்கு அப்பால் 2003இல் கண்டறியப்பட்ட, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த கப்பற்சிதைவில், கண்ணாடிக் கட்டிகள் உருக்குலையாது கிடந்தன. உடன் ஏற்றப்பட்ட இரும்புக் கட்டிகளோ கறளும் மணலும் பிணைந்த பெரும்பாறையாக மாறியிருந்தன. இரும்பு வாணிபம் இருந்ததற்கும் இரும்பு எஞ்சாமைக்கும் அப்பாறையே ஒருசேரச் சான்று.

ஆயின் கறளுக்குத் தப்பியவை சில உள. உலையின் கிட்டம் அழியாது; சுட்ட மூசையின் ஓடு அழியாது; துருத்திக் குழாயின் துண்டு அழியாது. சமனலவெவவின் வரலாறு வாளாலோ கத்தியாலோ எழுதப்படவில்லை. கிட்டக் குவியல்களாலேயே எழுதப்பட்டது. அவ்வுலைக்களங்கள் பலவற்றை நீர்த்தேக்கம் மூடுமுன் அளவை நிகழ்ந்திராவிடின் அவ்வரலாறும் இல்லை. கீழைக் கரையில் வீடு கட்டவும் வீதி அமைக்கவும் நிலம் கிளறப்படும்போது வெளிப்படும் கிட்டமும் ஓடும் பயனற்ற கல்லென வீசப்படல் ஆகாது. மண்ணிலிருந்து எடுக்கப்படும் இரும்புப் பொருள் உட்புகுந்த உப்பு நீக்கப்படாது வைக்கப்படின், அரும்பொருட்சாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கறள் அதனைத் தின்றுகொண்டேயிருக்கும் என்பதும் உணரப்பட வேண்டும். கம்மாலைகள் அருகிவரும் இந்நாளில், தோய்ச்சலின் பதத்தை நிறத்தால் அறிந்த முதியோரின் சொற்களையும் முறைகளையும் பதிந்துவைத்தலும் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.

கறள் ஏறாத உருக்கை நம் முன்னோர் செய்தனர் எனக் கூறுதல் அவர்க்குப் புகழ் சேர்ப்பதாகாது. கறள் ஏறும் என்பதை நன்கறிந்தே, உலகம் வியந்த கூர்மையை அவர்கள் தேர்ந்தனர். அதனை எண்ணெயாலும் சாம்பலாலும் தீட்டுகல்லாலும் நாள்தோறும் காத்தனர். உலோகத்தின் குறையைக் கையின் ஒழுக்கம் நிறைவுசெய்தது. கையின் பொறுப்பை உலோகத்தின்மேல் ஏற்ற முயல்வது இக்காலத்து அறிவியல்; அம்முயற்சி பெரிதும் வென்றுமுள்ளது. எனினும் நிலாவெளியின் உப்புக்காற்றில் கழுவித் துடைத்து வைக்கப்படாத எந்தக் கத்தியும் நெடுநாள் கத்தியாக இருப்பதில்லை. பேணுவார் கையிலேயே கூர்மை நிலைக்கும். இது கத்திக்கும் பொருந்தும், வரலாற்றுக்கும் பொருந்தும்.